நான் பிடுங்கிய நல்ல பல்

இந்தப் பக்கத்தில் புதிதாகப் பல் கிளினிக் திறந்திருக்கும் நீங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து வந்து, "உங்க அனுபவத்துல இருந்து ஏதாவது எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டீர்கள். சரி. எந்த ஊசி, எந்த இடுக்கி, எத்தனை மில்லி என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. ஒரு நல்ல பல்லைப் பிடுங்கிய கதையைச் சொல்கிறேன். பிடுங்கியது நான்தான். வேறு யாரோ என்று நினைத்துப் படித்துவிட்டுக் கடைசியில் முகம் சுளிக்க வேண்டாம் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிளினிக் வைத்திருந்தேன். வீடு விழுப்புரத்தில். தினமும் காலையில் பஸ் ஏறி, விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, பாதிப் பொறுமையை அங்கேயே தொலைத்துவிட்டுத்தான் கிளினிக் கதவைத் திறப்பேன். மீதிப் பாதி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். எனக்கு உதவியாளராக இருந்த பாத்திமாவைக் கேட்டால் இதைவிட மோசமாகச் சொல்லுவார். "மேடம் கோவத்துல இருந்தா இடுக்கியே பயந்துக்கினு கீழ விழும்" என்று என் காதுபடவே நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறார்.

நம் ஊர் ஜனங்களை நீங்கள் இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறீர்கள். இங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டிலேயே முடிவு பண்ணிவிட்டுத்தான் வருவார்கள். "இந்தப் பல்லுதான், புடுங்கிடுங்க" என்று விரலை வைத்துக் காட்டுவார்கள். மல்லாட்டை சீசனில் இது இன்னும் அதிகம். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், நிலக்கடலைக்கு இங்கே மல்லாட்டை என்று பேர். அறுவடைச் சமயத்தில் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் இரண்டாவது தடவை வரச்சொல்லும் டாக்டரை யாருக்கும் பிடிக்காது. வந்தோமா, பிடுங்கினோமா, அடுத்த பஸ்ஸைப் பிடித்தோமா என்று இருக்க வேண்டும். நாமும் அதற்கே பழகிவிடுகிறோம். அவர் கேட்டார், நான் பிடுங்கினேன், இரண்டு பேருக்கும் திருப்தி. பல் கெட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை.

அப்படி ஒரு சீசனில்தான் அஞ்சலை வந்தார். பிரம்மதேசம் பக்கத்து ஊர். நாற்பதைத் தாண்டிய வயது. காலையிலிருந்தே கிளினிக்கில் கூட்டம், அவர் முறை வந்தபோது பதினொரு மணி இருக்கும். நாற்காலியில் உட்காருவதற்குள் வலது பக்கக் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டரம்மா, இந்தக் கடவாப் பல்லு. காதுக்குள்ள போயி குத்துது. ராவுல தூக்கமே இல்ல. புடுங்கிட்டீங்கன்னா நாளைக்கி நான் வேலைக்கிப் போணும்."

வாயைப் பார்த்தேன். வலது பக்கம் கீழே, கடைசிக்கு முந்தின பல்லின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி. கடுகு அளவுதான் இருக்கும். கம்பியால் தட்டினேன், வலிக்கவில்லை என்றார். குளிர்ந்த தண்ணீர் விட்டேன், அதற்கும் ஒன்றுமில்லை. இதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. எக்ஸ்ரே படம் எடுக்கவில்லை. வெளியே எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பு இருக்கிறது, வலி அந்தப் பக்கம்தான், அவரே கேட்கிறார். எனக்கு அது போதுமென்று பட்டது.

ஊசி போட்டேன். உதடு தடித்து, நாக்கில் பாதி மரத்துப்போனதும், "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒதடு கட்டையாட்டம் ஆயிடிச்சி. ஆனா நோவு அப்படியே கீது டாக்டரம்மா."

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிறுத்துங்கள். நான் நிறுத்தவில்லை, அதனால்தான் சொல்கிறேன். பல் மரத்துப்போன பிறகும் வலி அப்படியே இருக்கிறதென்றால், அந்த வலி பல்லிலிருந்து வரவில்லை. எந்தப் படமும் எந்த மெஷினும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. அந்த அம்மா வாய்விட்டே சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருக்கும்மா, பழைய வலி. புடுங்கினா போயிடும்." சொல்லிவிட்டுப் பிடுங்கினேன். நல்ல உறுதியான பல், பத்து நிமிடம் போராட வேண்டியிருந்தது. தட்டில் விழுந்த பல்லைப் பார்த்தேன். வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது. பாத்திமா அதை ஒரு தரம் பார்த்தார், என்னையும் ஒரு தரம் பார்த்தார். "அடுத்த ஆளக் கூப்பிடு" என்றேன்.

ஐந்தாறு நாள் கழித்து அஞ்சலை திரும்பி வந்தார். இந்தத் தடவை அவர் கணவர் ஏழுமலையும் கூட வந்திருந்தார், டிராக்டர் ஓட்டுகிறவர். வலி இரண்டு நாள் கொஞ்சம் அடங்கியிருந்ததாம், அந்த இரண்டு நாளும் கஞ்சிதான் குடித்திருக்கிறார். வேலைக்குப் போனதும் பழையபடி ஆகிவிட்டது.

"பக்கத்துப் பல்லா இருக்குமோன்னு எங்க பக்கத்து வூட்டுல சொல்றாங்க" என்றார் ஏழுமலை. "அதயும் எடுத்துடுங்க. இவ ஒரு நாளு போவலன்னாலும் மில்லுல பேஜாரு."

என்ன வேலை என்று அப்போதுகூட நான் கேட்கவில்லை பாருங்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் பிடுங்கியும் வலி போகவில்லையா என்ற கோபம். அதை அந்த அம்மா மேல் காட்ட முடியாது, அதனால் பல் மேல் காட்டினேன். மறுபடி ஊசி, மறுபடி இடுக்கி. "நல்லாத் தொறம்மா, இன்னும் தொற" என்று சொல்லிக்கொண்டே, கீழ்த்தாடையை அழுத்தி இரண்டு தடவை அசைத்தேன். பல் அசையவே இல்லை. மூன்றாவது தடவை கொஞ்சம் பலமாக அழுத்தினேன்.

'டொக்' என்று ஒரு சத்தம். பல்லில் அல்ல, காதுப் பக்கத்தில்.

இடுக்கியை எடுத்துவிட்டு, "வாய மூடும்மா" என்றேன். மூடவில்லை. "மூடு, கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்றேன். அஞ்சலையின் கண் பெரிதாகிவிட்டது. ஆ, ஆ என்று சத்தம் மட்டும் வருகிறது. கீழ்த்தாடை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது, எச்சில் வழிகிறது, கண்ணில் தண்ணீர். கையை என் பக்கம் நீட்டினார். நான் அதைப் பிடிக்காமல் ஒரு அடி பின்னால் போனேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சத்தம் கேட்டு ஏழுமலை உள்ளே ஓடி வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா பண்ணீங்க? தாடைய ஒடச்சிட்டீங்களா? ஐயோ, வாய ஒடச்சிட்டாங்கடா!"

வெளியே இருந்தவர்கள் எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுக்கத் தொடங்கினார். பாத்திமா நேராக அவரிடம் போய், "அண்ணே, உங்க வூட்டுப் பொம்பளயா இருந்தா புடிப்பீங்களா? போன உள்ள வைங்க" என்றார். அவர் வைத்துவிட்டார். பாத்திமா கதவைச் சாத்தினார். அவர் மட்டும் அன்றைக்கு இல்லையென்றால் என் கதி அதோகதிதான்.

தாடை உடையவில்லை, மூட்டு விலகியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேனே. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள், விரலுக்கு அடியில் ஒரு உருண்டை நகருவது தெரியும். வாயைக் கொஞ்சம் திறக்கும்போது அந்த உருண்டை இருந்த இடத்திலேயே சுழலுகிறது. இன்னும் பெரிதாகத் திறந்தால், குழியை விட்டு இறங்கி முன்னால் இருக்கிற ஒரு மேட்டின் மேல் வழுக்கிக்கொண்டு வருகிறது. மூடும்போது திரும்பிக் குழிக்குள் போய்விடும். நாள் முழுக்க நாம் பேசுவதும் தின்பதும் கொட்டாவி விடுவதும் இந்த வழுக்கலில்தான். அது மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்துவிட்டால் தானாக ஏறி வராது. ஏனென்றால் தாடைத் தசைகள் பயந்துபோய் இறுகிக்கொள்ளும், அவை இறுக இறுக உருண்டை அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

தெரிந்ததெல்லாம் தெரிந்ததுதான், நிதானம்தான் இல்லை. நாற்காலியில் சாய்ந்தவாக்கிலேயே, வாய்க்குள் கட்டை விரலை விட்டு அழுத்தினேன். தலை நாற்காலியோடு சேர்ந்து வழுக்கியது. தாடை ஒரு நூல்கூட நகரவில்லை. அஞ்சலை வலியில் துடித்து என் கையைத் தள்ளினார். ஏழுமலை, "தொடாதீங்க! நான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போறேன். ஜல்தி ஆட்டோ கூப்பிடுங்க" என்று கத்தினார்.

அனுப்பிவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். உங்களிடம் மறைப்பானேன். அனுப்பினால் பிரச்சினை என் கிளினிக்கை விட்டுப் போய்விடும், அங்கே யாராவது பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம், அதற்குள் தசை இன்னும் இறுகும். இப்போது விரலால் முடிகிற காரியம் அங்கே போய் மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டியதாகிவிடும். எனக்குப் பயமாக இருப்பதற்காக அந்த அம்மாவை வாய் திறந்தபடி பாண்டிச்சேரி ரோட்டில் அலைய விட முடியுமா?

கையுறையைக் கழற்றினேன். பாத்திமாவிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு முகத்தைக் கழுவினேன். அரை நிமிடம் ஆகியிருக்கும், ஏழுமலை இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தார். பிறகு அஞ்சலையின் கையைப் பிடித்தேன்.

"எலும்பு ஒடையலம்மா. மூட்டு எடம் மாறியிருக்கு. நான்தான் அழுத்திட்டேன். நானே உள்ள போடுறேன். அதுக்கு நீ மூக்கால மூச்சு விட்டாப் போதும், வேற ஒண்ணும் பண்ணாத."

நாற்காலியிலிருந்து இறக்கி, பாத்திமா உட்காரும் குட்டை ஸ்டூலில் சுவரோரம் உட்கார வைத்தேன். ஏழுமலையைப் பார்த்து, "நீங்க கத்தறதுக்குப் பதிலா எனக்கு உதவி பண்ணுங்க. பக்கத்துல வந்து தலைய ரெண்டு கையாலயும் சுவத்தோட சேத்துப் புடிங்க. என்ன ஆனாலும் விடக்கூடாது" என்றேன். அவர் என்னை முறைத்தார். ஆனால் வந்து பிடித்தார். பிடித்ததும் கத்தல் நின்றது. கையில் ஒரு வேலை கொடுத்தால் பதற்றம் பாதி இறங்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரண்டு கட்டை விரலிலும் துணியைத் தடிமனாகச் சுற்றிக்கொண்டேன். தாடை உள்ளே போகும்போது வாய் டப்பென்று மூடும், சுற்றவில்லையென்றால் விரல் போச்சு. பின்பற்களின் மேல் விரலை வைத்து, நேராகக் கீழே அழுத்தினேன். அவசரப்படவில்லை. கீழே, கீழே, கீழே. அஞ்சலையின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. தசை கொஞ்சம் விட்டுக்கொடுத்த மாதிரி விரலுக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் தள்ளினேன்.

உள்ளே போய்விட்டது. வாய் மூடியது. என் விரல் இரண்டும் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கின. ஐயோ என்று நான்தான் கத்தினேன்.

அஞ்சலை தாடையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். ஏழுமலை தலையை இன்னும் விடாமல் பிடித்திருந்தார். "விடுங்க, போதும்" என்று பாத்திமா சொன்ன பிறகுதான் விட்டார். விட்டதும் என்ன செய்தார் தெரியுமா? என் காலைத் தொட்டுக் கும்பிட வந்தார். "சாமி மாதிரி வந்து காப்பாத்தினீங்க டாக்டரம்மா. நான்தான் தெரியாம என்னென்னமோ பேசிட்டேன்."

பிள்ளைகளா, அன்றைக்கு உண்மையான கஷ்டம் இந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. கதவுக்கு வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் தாடையை உடைத்தவள், இப்போது சாமி. பேசாமல் கும்பிடை வாங்கிக்கொண்டு மாத்திரை எழுதி அனுப்பியிருக்கலாம். முதல் பல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கும் பாத்திமாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்போதுதான் அஞ்சலையின் காதுக்கு முன்னால் விரலை வைத்தேன். முதல் நாள் செய்திருக்க வேண்டிய வேலை. வலது கன்னத்துத் தசை கல்லாக இருந்தது. ஒரு இடத்தில் லேசாக அழுத்தினேன், துள்ளிவிட்டார். "அங்கதான்! அந்தப் பல்லு வலி அங்கதான்!" என்று பல்லைக் கடித்தபடியே சொன்னார். கன்னத்துத் தசையை அழுத்தினால் பல்லில் வலிக்கிறது. இனி எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

"மில்லுல என்ன வேலை பண்றே?" என்று அப்போதுதான் கேட்டேன்.

ஏழுமலை பெருமையாகச் சொன்னார். மல்லாட்டை உடைக்கிற மில். மூட்டை வந்து இறங்கியதும் அஞ்சலைதான் முதலில் பார்ப்பார். ஒவ்வொரு மூட்டையிலும் கையை விட்டு இரண்டு மூன்று காய் எடுப்பார். ஓட்டோடு கடைவாயில் வைத்துக் கடித்துச் சத்தத்தைக் கேட்பார், பிறகு பருப்பைக் கடித்துப் பார்ப்பார். படக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். "ஈரம் பாக்குற மிஷினு தப்பாச் சொல்லும், இவ பல்லு தப்பாச் சொல்லாது. மொதலாளியே சொல்லுவாரு" என்றார்.

"எந்தப் பக்கம் கடிப்பே?"

அஞ்சலை வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். இடது பக்கம் கடித்தால் அவருக்குத் தெரியாதாம். சீசனில் ஒரு நாளைக்கு நூறு மூட்டைக்கு மேல் வரும். வருடக் கணக்காக, எல்லாம் ஒரே பக்கம், ஒரே மூட்டு. அந்தத் தசை கல்லாகாமல் என்ன செய்யும்? மூட்டு ஏற்கெனவே நொந்து தளர்ந்திருந்தது, அதன் மேல்தான் நான் ஏறி அழுத்தியிருக்கிறேன்.

தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டுச் சொன்னேன். எப்படிச் சொல்வது என்றெல்லாம் யோசிக்கவில்லை, யோசித்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அஞ்சலை, உன் வலி மூட்டு வலி. பல்லு வலி இல்ல. நான் போன வாரம் புடுங்கினது நல்ல பல்லு. மரத்துப்போயும் வலிக்குதுன்னு நீ சொன்னே, நான் கேக்கல. இன்னைக்கிப் புடுங்கப் பாத்ததும் நல்ல பல்லுதான். தப்பு என்னோடது."

அஞ்சலை என்னையே பார்த்தார். நாக்கால் அந்தக் காலி இடத்தைத் துழாவுவது கன்னத்தில் தெரிந்தது. ஏழுமலை முகம் மாறியது. கும்பிட்ட கையைக் கீழே போட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "இப்ப இன்னா பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு மாதம் எதையும் கடிக்கக் கூடாது என்றேன். காயும் கூடாது, பருப்பும் கூடாது. வாயைப் பெரிதாகத் திறக்கக் கூடாது, கொட்டாவி வந்தால் தாடையைக் கையால் தாங்க வேண்டும், கூழும் கஞ்சியும்தான்.

அஞ்சலை கட்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "மொதலாளி."

"ரெண்டு மாசம்னா அவர் வேற ஆளப் போட்டுடுவாரு, இல்லன்னா மிஷினுக்கே வுட்டுடுவாரு" என்றார் ஏழுமலை. "சீட்டு குடுத்தாலும் நம்ப மாட்டாரு. சீசன்ல லீவு வேணும்னா எல்லாரும் டாக்டர் சீட்டுதான் கொண்டாறாங்க. வேல போச்சின்னா இவ மறுபடியும் களை எடுக்கத்தான் போணும்."

மறுநாள் காலையில் கிளினிக்கைத் திறக்காமல் ஏழுமலையின் வண்டியில் உட்கார்ந்து மில்லுக்குப் போனேன். அஞ்சலை தலையில் கட்டோடு முன்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார். உள்ளே பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளியை எனக்குத் தெரியும், அவர் குடும்பமே என்னிடம்தான் பல் பார்த்தது.

"வாங்க டாக்டரம்மா! பல்லு புடுங்கினதுக்கா ரெண்டு மாசம் லீவு? எங்கம்மாவுக்கு நீங்க நாலு பல்லு புடுங்கினீங்க, மறுநாளே முறுக்கு துன்னாங்களே!" என்று சிரித்தார்.

மூட்டு நோய் என்று மட்டும் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபம். ஆனால் நோய் உள்ள ஆளை அவர் எதற்கு வைத்துக்கொள்ளுவார்? ஆகவே இருந்ததை இருந்தபடி சொன்னேன். ஓட்டோடு கடித்துக் கடித்து மூட்டு நொந்திருக்கிறது, அது உங்கள் மில் வேலையால் வந்தது. அதைக் கண்டுபிடிக்காமல் நல்ல பல்லைப் பிடுங்கினேன், இன்னொன்றைப் பிடுங்கப்போய் மூட்டையும் விலக்கிவிட்டேன், அது என்னால் வந்தது. அஞ்சலை மேல் ஒரு தப்பும் இல்லை. ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும்.

பொறுக்கிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. ஒரு பெண் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "எனக்கும் ஒண்ணு புடுங்கினீங்களே டாக்டரம்மா, அது?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "உன் பல்லு எனக்கு ஞாபகம் இல்லம்மா. கிளினிக்குக்கு வா, சீட்டப் பாத்துச் சொல்றேன்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

முதலாளி அஞ்சலையின் கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, ரெண்டு மாசம் மிஷினு பாக்கட்டும். ஆனா மிஷினு பக்கத்துல நீ குந்திக்கினு இரு. அது காஞ்சிதுன்னு சொல்றத கையில தேச்சிப் பாத்து, சந்தேகமா இருந்தா சொல்லு. கூலில கை வைக்க மாட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எங்கம்மாவுக்குப் புடுங்கின நாலும் கெட்டதுதானே?" என்றார். அவர் கேலி செய்கிறாரா இல்லையா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

உண்மை சொன்னதற்குப் பலன் கிடைத்தது என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். திண்டிவனத்தில் செய்தி பரவ எத்தனை நேரம் ஆகும்? 'நல்ல பல்லப் புடுங்குற டாக்டர்' என்று பேர் வந்தது. சில வாரங்கள் நானும் பாத்திமாவும் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ராத்திரி படுத்தால் அந்த 'டொக்' காதில் கேட்கும். கூட்டம் மெல்லத் திரும்பி வந்தது, முதலாளி குடும்பத்தில் பாதிப் பேர் வரவே இல்லை. மில்லில் கேட்ட அந்தப் பெண்ணும் வந்தார். சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன், அவருடையது நிஜமாகவே சொத்தை. அவர் நம்பினாரா என்று தெரியாது.

அந்த வாரங்களில்தான் என் வழக்கத்தை மாற்றினேன். வருகிறவர் எந்தப் பல்லைக் காட்டினாலும், முதலில் பின்னால் நின்று இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து, மெல்லத் திறந்து மூடச்சொல்லுவேன். தாடை நேராக இறங்குகிறதா, கோணிக்கொண்டு போகிறதா, திறந்த வாய்க்குள் மூன்று விரல் நுழைகிறதா என்று பார்ப்பேன். பிறகு, என்ன வேலை, எதைக் கடிக்கிறாய், எந்தப் பக்கம் என்று கேட்பேன். இரண்டு நிமிடம்தான். வெளியே எட்டுப் பேர் இருந்தாலும் இருபது பேர் இருந்தாலும் அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுத்துவிடுங்கள். மரத்த பிறகும் வலி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுங்கள்.

அஞ்சலை வாரா வாரம் வந்தார். "கேப்பக் கூழு குடிச்சிக் குடிச்சி வயிறு ஏரியாட்டம் தளும்புது" என்று திட்டுவார். முதலில் ஒரு விரல்தான் நுழைந்தது, பிறகு இரண்டு, இரண்டு மாதம் முடியும்போது மூன்று. வலி போய்விட்டது. மில்லில் ஓட்டைக் கையால் உடைத்து, சந்தேகமான மூட்டைக்கு மட்டும் பருப்பைக் கடித்துப் பார்க்க ஆரம்பித்தார். அவர் வேலை நிலைத்தது. காலி இடத்தில் ஒரு பல் கட்டித் தருகிறேன், ஒன்றும் தர வேண்டாம் என்றேன். "இன்னொரு தபா உங்க நாற்காலில படுத்து வாயத் தொறக்கணுமா? ஆள வுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை. நான் அவரைக் குற்றம் சொல்லவும் இல்லை.

அடுத்த வருடச் சீசன் முடிகிற சமயம். வாசலில் அஞ்சலை நின்றார், தனியாக. இடது கன்னம் வீங்கியிருந்தது. உட்காரச்சொல்லி, காதுக்கு முன்னால் விரலை வைத்தேன். மூட்டு சுத்தம், தசை மெத்தென்று இருந்தது. பல்லைத் தட்டினேன், அலறினார். படம் எடுத்தேன். இடது கீழ்ப்பல் ஒன்று வேர் வரை அழுகி, அடியில் சீழ் கட்டியிருந்தது. சந்தேகமே இல்லை. ஆனாலும் படத்தை வெளிச்சத்தில் வைத்து மறுபடி மறுபடி பார்த்தேன். காப்பாற்ற வழி இருக்கிறதா என்று தேடினேன். அதற்கு நாலைந்து தடவை வாயைத் திறந்து நீண்ட நேரம் படுக்க வேண்டும், அந்த மூட்டு தாங்காது, பல்லும் அந்த அளவுக்கு மீதி இல்லை. பாத்திமா இடுக்கிகளைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். என் கை அதன் பக்கம் போகவில்லை.

"நீ என்னம்மா நினைக்கிற?" என்று கேட்டேன். முப்பது வருடத்தில் ஒரு நோயாளியிடம் நான் அப்படிக் கேட்டதில்லை.

அஞ்சலை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போன தபா நான் சொன்னேன், நீங்க புடுங்கினீங்க. இந்தத் தபா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் டாக்டரம்மா. நீங்க சொல்லுங்க."

"இதப் புடுங்கித்தான் ஆவணும் அஞ்சலை."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

ஊசி போட்டேன். பத்து நிமிடம் காத்திருந்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நோவு போயிடிச்சி" என்றார்.

பாத்திமாவைத் தாடைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ளச் சொன்னேன். அஞ்சலை நாற்காலியில் சாய்ந்தார், ஒரு கையால் என் புடவை முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், கண்ணை மூடினார், வாயைத் திறந்தார்.